இருநூற்று முப்பதுக்கு உட்பட்ட பிரிவில் முதலிடம்

செந்தாய்,
நவம்பர் 16, வியாழக்கிழமை

மதிப்புக்குரிய பெரியண்ணாவுக்கு, தம்பி தெய்ஸோ தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

ஜாவோ மலை உச்சியில் இரண்டு தடவை பனி விழுந்து கரைந்துவிட்டது. எங்கள் தெருவில் முள்ளங்கியைக் கயிற்றில் கட்டிக் காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே தோமேயில் அறுவடை முடிந்த வயல்களில் அன்னங்கள் வந்து இறங்கியிருக்கும். உங்கள் இடுப்பு வலி இந்தக் குளிரில் கூடவில்லை என்றும், அண்ணியின் கண் அறுவை நல்லபடியாக ஆறிவிட்டது என்றும் நம்புகிறேன். இங்கே நானும் ஹிசாயோவும் நலம். நலம் என்பதை வழக்கத்தையொட்டி எழுதினேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது.

நீங்கள் அனுப்பிய முப்பது கிலோ புது அரிசியும், சிவப்பு வெள்ளை மங்கலக் கயிறு கட்டிய சாக்கே மதுப் புட்டியும், உங்கள் கடிதமும் சனிக்கிழமை வந்து சேர்ந்தன. பத்திரிகைத் துணுக்கை வெட்டி அப்பா அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிராம சங்கக் கூட்டத்தில் இரண்டு தடவை வாசித்ததாகவும், தலைவர் ஒய்காவா டிசம்பர் மூன்றாம் தேதி சமுதாயக் கூடத்தில் எனக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டதாகவும், போட்டியில் எத்தனை பேரை வீழ்த்தினேன் என்று நான் அங்கே பேசவேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரியண்ணா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒருவரையும் இல்லை. கூட்டத்தைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

துணுக்கு பொய் இல்லை. அதே பத்திரிகையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த நான்கு வரியையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். "வடகிழக்கு வட்டாரக் கூடோ போட்டியில், அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கான 230க்கு உட்பட்ட பிரிவில் நகரவாசி சுகாவாரா தெய்ஸோ (64) முதலிடம் பெற்றார்." பெயர் சரி, வயது சரி, எண் சரி. எழுதியவன் என்னிடம் வேலை பழகிய அய்ஸாவாதான். தொலைபேசியில் கேட்டபோது, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். ஒரே ஒருவர், பெரியண்ணா. அது நான்.

நீங்கள் நினைப்பதுபோல் கூடோ கராத்தே இல்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் செய்த ஜூடோவும் இல்லை. கராத்தேயிலிருந்து குத்தும் உதையும், ஜூடோவிலிருந்து தூக்கியெறிதல், தரையில் புரண்டு கழுத்தை நெரிப்பது இன்னொன்றிலிருந்து என்று எடுத்துச் சேர்த்தது. ஒவ்வொரு கலையிலும் இருந்த வலிகளை மட்டும் பொறுக்கி எடுத்தது என்று ஹிசாயோ சொல்லுவாள். முகத்துக்குக் கண்ணாடி போன்ற மூடி வைத்த தலைக்கவசம் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சு வாங்கினால் மூடியில் ஆவி படிந்து, எதிரே நிற்பவர் குளியலறைக்குள் நிற்பதுபோல் தெரிவார். மற்ற இடங்களில் எடையைப் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். இங்கே சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் கூட்டி வருகிற எண்தான் பிரிவு. என் எண் இந்த வருட ஆரம்பத்தில் 234.8. ஆகவே நான் 240க்கு உட்பட்டவன். நுமாகுராவின் எண் 225. ஆகவே அவர் 230க்கு உட்பட்டவர். எங்கள் வாழ்க்கையின் துயரம் முழுவதும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

நுமாகுரா மாசானோபு மீன் அடை சுட்டு விற்பவர், வயது அறுபத்திரண்டு. ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் துணி மாற்றுகிறோம். ஆனாலும் ஒருமுறைகூட நிஜமாக மோதியது கிடையாது. பயிற்சிக்கூடத்தில் அறுபது தாண்டியவர்கள் பாதி வேகத்தில்தான் அடித்துக்கொள்ளலாம் என்பது மாஸ்டர் மியாகவாவின் சட்டம். முழு வேகம் போட்டியில் மட்டும். அங்கே மருத்துவர் இருப்பார். மாஸ்டர் நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி. அவர் சொன்னால் சொன்னதுதான். ஆறு வருடமாக நுமாகுராவின் பாதிக் குத்தை வாங்கிவிட்டு, மீதிப் பாதி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பேருந்தில் வீடு திரும்பியிருக்கிறேன். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். "பேப்பர்காரரே, இன்னிக்கு மிச்சத்த வச்சுக்கிட்டேன்" என்பார். "நானும் வட்டிக்கு விட்டிருக்கேன்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆகஸ்டு கடைசியில் அவர் இடது கால் முட்டி போய்விட்டது. எலும்புக்கு எலும்பு உரசுகிறதாம். நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, அதை எடுத்துவிட்டு உலோக முட்டி வைக்கிறார்கள். அதற்குப் பிறகு நடக்கலாம், மீன் அடை சுடலாம், ஆனால் ஆயுளுக்கும் யாரோடும் மோதக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். துணி மாற்றும் அறையில் இதை அவர் வானிலை சொல்வதுபோல் சொன்னார். நவம்பர் ஐந்தாம் தேதிப் போட்டிதான் அவருக்குக் கடைசி. அன்று அவரோடு மோதாவிட்டால் இனி எப்போதும் இல்லை. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பத்து வாரத்தில் 234.8ஐ 230க்குக் கீழே இறக்கி அவர் பிரிவுக்குப் போய் நிற்பது என்று. அவரிடம் சொல்லவில்லை. ஒரே கூடத்துக்காரரிடம் போய் உம்மோடு சண்டை போட ஆசை என்று எப்படிச் சொல்வது? நம் வீட்டில் அப்பா அம்மாவிடம் ஒரு கோப்பைத் தேநீர் வேண்டும் என்றுகூட நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பத்து வாரம், பெரியண்ணா. விடிவதற்குள் ஹிரோசே ஆற்றங்கரையில் ஆறு கிலோமீட்டர் ஓட்டம். பிறகு முந்நூறு தடவை உட்கார்ந்து எழுந்திருத்தல். ஐந்து கிலோ தோல்பந்தை ஹதகேயாமா என்கிற தபால் ஊழியர் என் வயிற்றின்மேல் போடுவார். ஒவ்வொரு தடவை விழும்போதும் நான் கத்தவேண்டும். கத்தாவிட்டால் மூச்சு உள்ளே நின்று விலா முறியும் என்பது மாஸ்டரின் பாடம். ஹதகேயாமாவின் எண் 284. எண்ணில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் சிறியவன் பெரியவனைக் கவட்டில் உதைக்கலாம் என்று எங்கள் விதியில் ஒரு சலுகை உண்டு. அதனால் அந்த மலை மனிதர் எப்போதும் என்னிடம் மிகுந்த மரியாதையாகவே நடந்துகொள்வார். கழுத்துக்குத் தனிப் பயிற்சி: தலையையும் பாதத்தையும் மட்டும் தரையில் ஊன்றி உடம்பை வில்லாக வளைத்து மூன்று நிமிடம். கவசம் தலையைக் கனமாக்குவதால் கழுத்து தூண்போல் இருக்கவேண்டுமாம். என் கழுத்து தூண் ஆகவில்லை. திருப்ப முடியாமல் மட்டும் ஆயிற்று. தெருவில் யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினேன். கடைசியில் சுற்று: ஒரு நிமிடம் குத்து, ஒரு நிமிடம் எறிதல், ஒரு நிமிடம் தரையில் புரளல், மீண்டும் குத்து, இடையில் ஓய்வில்லை. ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு தசை என்பதால், ஒன்று களைத்தால் இன்னொன்று புதிதாக இருக்கும் என்று மாஸ்டர் சொன்னார். என்னிடம் புதிதாக எதுவும் இல்லை.

சோற்றை நிறுத்தினேன். இதை உங்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நெல் போடுகிறவர் நீங்கள். தோஃபுவும் கோஸும் வேகவைத்த கோழியும். ஹிசாயோ முதல் வாரம் சிரித்தாள், மூன்றாவது வாரம் கோபப்பட்டாள், ஆறாவது வாரம் கணவாய் மீன் போட்ட சோற்றை எனக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். "பேப்பர் ஆபீஸ்ல இருந்தப்போ ராத்திரி பகல் வீட்டுக்கு வரல. இப்போ வீட்லயே இருக்கீங்க, ஆனா கொஞ்சம் கொஞ்சமா காணாம போய்க்கிட்டிருக்கீங்க" என்றாள்.

கூடத்தில் நுமாகுரா என்னையே பார்த்தார். "என்னய்யா, கன்னம் உள்ள போயிடுச்சு?" என்றார். "வயசு" என்றேன். மறுநாள் ஒரு பெட்டி மீன் அடை கொண்டுவந்து என் அலமாரியில் வைத்தார். அதற்கடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். அத்தனையும் ஹிசாயோ சாப்பிட்டாள். நானும் அவரைப் பார்த்தேன். வயிறு முன்னால் வந்திருந்தது, இடைக்கச்சை முடிச்சுக்கு நீளம் போதவில்லை. முட்டி வலியால் ஓட முடியாததால் ஊதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம் என்றுகூட நினைத்தேன். ஒரு கொலை வழக்கில் நாற்பது பேரைக் கேட்டு எழுதியவன் நான். பக்கத்தில் நின்று துணி மாற்றுகிறவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

போட்டி நாள் காலை வீட்டுத் தராசில் 65.1, சுவரில் 165.3. கூட்டினால் 230.4. பத்து வாரம் பட்டினி கிடந்தும் புள்ளி நாலு அதிகம். மாவட்ட உள்ளரங்கின் வாசலில் ஹதகேயாமாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "எடைய மட்டும்தான் குறைக்கணும்னு இல்லையே சார். மனுஷன் காலையில உயரமா இருப்பான், சாயங்காலம் முதுகெலும்பு அமுங்கிக் குள்ளமாவான். இப்பவே சாயங்காலம் ஆக்கிடலாம்" என்றார். ஆகவே தொண்ணூற்றெட்டு கிலோ ஹதகேயாமாவை முதுகில் சுமந்துகொண்டு அந்த அரங்கின் அறுபத்திரண்டு படிகளில் ஏறினேன். ஏறி இறங்கினேன். மூன்று தடவை. வாசலில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள், "ஐயா, அவருக்கு அடி பட்டிருந்தா தூக்குக் கட்டில் இருக்கு, கொண்டுவரச் சொல்லவா?" என்று கேட்டார். "அடி இனிமேதான் அம்மா" என்றார் முதுகிலிருந்தபடியே ஹதகேயாமா. அளவெடுக்க இரண்டு வரிசை; என்னை முதல் வரிசையில் அளந்தார்கள். உயரம் 164.9, எடை 64.8. கூட்டுத்தொகை 229.7. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம், பணியில் சேர்ந்து முதல் பக்கத்தில் என் செய்தி வந்த நாளில்கூட எனக்கு வந்ததில்லை.

இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. நுமாகுரா. "வளந்துட்டேன்யா! அறுபத்திரண்டு வயசுல மூணு சென்டிமீட்டர் வளந்துட்டேன்! கழுத்துப் பயிற்சி வேலை செஞ்சிருக்கு!" என்று கை இரண்டையும் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. நான் வருடத்துக்கு அரை சென்டிமீட்டர் குறைகிறேன். அன்று காலை மேலும் கொஞ்சத்தைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பிறகு சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அறுபதுக்கு மேல், 230க்கு உட்பட்டோர்: சுகாவாரா தெய்ஸோ, 229.7. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். அறுபதுக்கு மேல், 240க்கு உட்பட்டோர்: நுமாகுரா மாசானோபு, 231.9. அதற்குக் கீழேயும் வெள்ளைத் தாள்.

நாங்கள் இருவரும் பட்டியலுக்கு முன்னால் நின்றோம்.

"நீர் எதுக்குய்யா இங்க இருக்கீர்?" என்றார் அவர்.

"நீர் எதுக்கு அங்க போனீர்?"

"உமக்காகத்தான். பத்து வாரமா தினம் ஒம்பது சோத்து உருண்டை தின்னேன். பசிச்சா தின்னேன், பசிக்காட்டியும் தின்னேன்."

"உமக்காகத்தான் நான் சோத்தையே விட்டேன்."

"நான் உமக்கு ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சேன். ஆள் இளைச்சுக்கிட்டே போறீரேன்னு. அதான், என் முட்டியும் போகுது, நீரும் போறீர், இந்த வருஷமே முடிச்சுக்கலாம்னு வந்தேன்." கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வியாதி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"நாசமாப் போச்சு" என்றார்.

மாஸ்டர் மியாகவா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆறு வருஷமா ஒரே அறையில துணி மாத்துறீங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?" என்றார். நாங்கள் இருவரும் அவருக்குக் குனிந்து வணங்கினோம். வேறு என்ன செய்வது? பிரிவை மாற்றிச் சேர்க்கச் சொல்லி அவர் குழுவிடம் கேட்டும் பார்த்தார். அளந்தது அளந்ததுதான், எண் எண்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

எதிராளி இல்லாதவர் தானாகவே முதலிடம். மதியம் மூன்று மணிக்கு மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் சலவை கலையாத உடையோடும், ஒருதரமும் ஆவி படியாத கவசத்தோடும் போய் நின்றேன். "கடும் பயிற்சியின் பலனாக" என்று சான்றிதழில் அச்சடித்திருந்தது. கை தட்டினார்கள். எனக்குப் பிறகு நுமாகுரா ஏறினார். முட்டி வலியால் படியில் தடுமாறினார். அவருக்கும் கை தட்டினார்கள். ஊர் திரும்பும் வழியில் ஹதகேயாமா வண்டி ஓட்ட, நாங்கள் இரண்டு வட்டாரச் சாம்பியன்களும் பின்னிருக்கையில் சான்றிதழ்க் குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இறங்கும்போது நுமாகுரா, "மிச்சம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து பதினொரு நாளாக வீட்டில் கிடக்கிறேன். வலி ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. எல்லோரும் போட்டிக்குப் பிறகு காயத்தோடு படுத்திருப்பார்கள். நான் காயமில்லாமல் படுத்திருக்கிறேன். உங்கள் புது அரிசியை வேளைக்கு மூன்று கிண்ணம் சாப்பிடுகிறேன். முந்தாநாள் மாஸ்டருக்கு விலகல் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அறுபத்து நான்கு வயதில் இதற்கு மேல் யாருக்காக உயரத்தைக் குறைப்பது? சாக்கே புட்டியைக் கயிறு அவிழ்க்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்; வெற்றிக்கு அனுப்பியதை வெற்றி இல்லாதவன் குடிப்பது முறையில்லை. அரிசியைத் திருப்ப முடியவில்லை, மன்னிக்கவும். தலைவர் ஒய்காவாவிடம் எனக்கு உடல்நலம் சரியில்லை என்று சொல்லுங்கள். அல்லது உண்மையையே சொல்லுங்கள். எது உங்களுக்குச் சுருக்கமாக இருக்கிறதோ அது.

குளிர் கடுமையாகப் போகிறது. அதிகாலையில் கொட்டகைப் பக்கம் கழுத்துத் துணி இல்லாமல் போகவேண்டாம். அண்ணிக்கு என் வணக்கங்கள். இந்த வருடம் உங்கள் வீட்டுக்கும் வயலுக்கும் நல்லபடியாக முடியட்டும்.

தங்கள் தம்பி,
தெய்ஸோ

பின்குறிப்பு, நவம்பர் 17, வெள்ளிக்கிழமை: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதெல்லாம் ரத்து. இன்று காலை மாஸ்டர் மியாகவா தொலைபேசியில் கூப்பிட்டார். அரங்கைக் காலி செய்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டாம் வரிசையில் உயரம் பார்க்கச் சுவரில் அளவுப்பட்டையைத் தரையிலிருந்து ஒட்டிவிட்டு, பிறகு யாரோ கால் குளிருகிறது என்று அதன் அடியில் மூன்று சென்டிமீட்டர் ரப்பர் பாயை விரித்திருக்கிறார்கள். நுமாகுரா வளரவில்லை. அவருடைய சரியான எண் 228.9, பத்து வாரம் தின்றும் போதவில்லை. அந்த வரிசையில் அளந்த ஆறு பேரில் எல்லை மாறுகிறவர் அவர் ஒருவர்தான். ஆகவே நேற்று மாலை குழு எடுத்த முடிவின்படி நான் முதலிடம் இல்லை, அவரும் இல்லை. அன்று எடுத்த எடையே செல்லும் என்கிறார்கள், உங்கள் அரிசியை நினைத்தால் அது பெரிய கருணை. நாளை மறுநாள் ஞாயிறு பதினொரு மணிக்கு, எங்கள் இருவரின் மோதலை நடத்த மருத்துவரும் நடுவர்களும் எங்கள் பயிற்சிக்கூடத்துக்கே வருகிறார்கள். விலகல் கடிதத்தைத் திருப்பித் தரும்படி மாஸ்டரிடம் கேட்டேன். அதை இன்னும் பிரிக்கவே இல்லை என்றார். பாராட்டுக் கூட்டத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மாலை சொல்கிறேன், பேசும் நிலையில் இருந்தால். சாக்கே புட்டி இங்கேயே இருக்கட்டும்.

சற்று முன் நுமாகுரா கூப்பிட்டார். ஆறு வருடத்தில் அவர் என் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது இதுதான் முதல் தடவை.

"பேப்பர்காரரே, முன்கூட்டியே கேட்டுக்கிடுறேன். ஞாயித்துக்கிழமை நிஜமா அடிப்பீர்ல?"

"அடிப்பேன். உம்ம இடது கால் பக்கம் வரமாட்டேன், பயப்படாதீர்."

"யோவ், அங்கதான்யா உதைக்கணும். அத எப்படியும் வெள்ளிக்கிழமை கழட்டி எறியப்போறாங்க."